ஆங்கில இலக்கணச் சண்டையில் யார் தீர்ப்பை ஏற்பது?

ஒரு ஆங்கில வாக்கியத்தை இரண்டு பேர் பார்க்கிறார்கள். "இது இலக்கணப் பிழை" என்கிறார் ஒருவர். "இப்போது எல்லாரும் இப்படித்தானே எழுதுகிறார்கள்" என்கிறார் மற்றவர். பேச்சு சூடாகிறதே தவிர முடிவுக்கு வருவதில்லை. இருவரும் வேறு வேறு நீதிமன்றத்தில் நின்று வாதாடுவதுதான் காரணம்.

பிரெஞ்சு மொழிக்கு 1635 முதல் ஒரு அகாடமி இருக்கிறது. அதன் பேச்சை எல்லாரும் கேட்பதில்லை என்றாலும், போய்க் கேட்பதற்கு ஓர் இடமாவது உண்டு. ஆங்கிலத்துக்கு அதுவும் கிடையாது. 1712-இல் எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் அப்படி ஓர் அமைப்பு வேண்டும் என்று ஒரு திட்டமே எழுதி வெளியிட்டார். அது நடக்கவில்லை. ஆகவே ஆங்கிலத்தில் எழுதுகிறவர், திருத்துகிறவர், சொல்லிக்கொடுக்கிறவர் எவராக இருந்தாலும், சந்தேகம் வரும்போது யாரிடம் போவது என்பதைத் தாமே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

கைக்கு எட்டும் தூரத்தில் நான்கு வழிகள் இருக்கின்றன: பள்ளியில் படித்த விதிகள், அகராதியும் சொல்தரவும் (மக்கள் எழுதியதையும் பேசியதையும் திரட்டி வைத்த தொகுப்பு), வழக்குக் கையேடுகள் (சொற்கள் நடைமுறையில் எப்படி வழங்குகின்றன என்று அலசும் நூல்கள்), பத்திரிகைகளும் பதிப்பகங்களும் வைத்திருக்கும் நடைக் கையேடுகள். என் சாய்வு மூன்றாவதன் பக்கம். ஆனால் மற்ற மூன்றையும் தூக்கிப்போட முடியாது. ஒவ்வொன்றும் எங்கே கைகொடுக்கிறது, எங்கே காலை வாருகிறது என்று பார்த்தால்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

பள்ளி விதிகளின் பெரிய பலம், அவை தயங்குவதில்லை. மொழியைப் புதிதாகக் கற்பவருக்கு "சில இடங்களில் இப்படி, சில இடங்களில் அப்படி" என்ற பதில் உதவாது. எழுவாய் ஒருமையானால் வினையும் ஒருமை என்று சொன்னால் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கிடைக்கிறது. இந்த விதிகளில் பெரும்பாலானவை உண்மையும்கூட. நான் குறை சொல்வது அவற்றோடு சேர்ந்து வந்துவிட்ட சில போலி விதிகளைத்தான். அவற்றின் பிறப்பைத் தேடிப் போனால் பல நேரம் ஒரே ஒரு மனிதரின் ரசனையில் போய் நிற்கிறோம்.

வாக்கியத்தைப் பிரிபொசிஷனில் ('டு', 'ஃபார்' போன்ற முன்னிடைச்சொல்லில்) முடிக்கக் கூடாது என்பதை எடுத்துக்கொள்வோம். 1672-இல் கவிஞர் ஜான் டிரைடன், தமக்கு முந்தைய தலைமுறையைச் சேர்ந்த நாடகாசிரியர் பென் ஜான்சனிடம் இதை ஒரு குறையாகக் கண்டார். பிறகு தம் பழைய எழுத்திலிருந்தும் அத்தகைய இடங்களைத் தேடித் திருத்தினார். 1762-இல் இலக்கண நூல் எழுதிய ராபர்ட் லௌத் (பின்னாளில் லண்டன் பிஷப் ஆனவர்) இதைத் தடை செய்யவில்லை. பேச்சிலும் சாதாரண எழுத்திலும் இது பொருந்தும், கம்பீரமான நடைக்குத்தான் முன்னால் வைப்பது அழகு என்றார். "இந்த வழக்கின் பக்கம் நம் மொழி பலமாகச் சாய்கிறது" என்ற பொருளில் அவர் எழுதிய அந்த வாக்கியமே 'டு' என்ற பிரிபொசிஷனில்தான் முடிகிறது! அவ்வளவு நிதானமாகச் சொல்லப்பட்ட ஒரு கருத்து, பாடநூல் பாடநூலாகக் கைமாறி, வகுப்பறைக்கு வந்து சேர்ந்தபோது தடையுத்தரவாகிவிட்டது.

'லெஸ்', 'ஃப்யூவர்' கதையும் இப்படித்தான். எண்ணக்கூடியவற்றுக்கு 'ஃப்யூவர்', எண்ண முடியாதவற்றுக்கு 'லெஸ்' என்ற பாகுபாட்டை 1770-இல் ராபர்ட் பேக்கர் என்பவர் எழுதி வைத்தார். அவரும் இப்படிச் சொல்வது தமக்கு நயமாகவும் முறையாகவும் படுகிறது என்றுதான் சொன்னார். அதற்கு எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுகள் முன்பே ஆல்ஃப்ரெட் மன்னர் காலத்து ஆங்கிலத்தில் எண்ணக்கூடியவற்றுக்கு 'லெஸ்' வந்திருக்கிறது.

'டு'வுக்கும் வினைக்கும் நடுவில் வேறொரு சொல் நுழையக் கூடாது என்ற ஸ்பிளிட் இன்ஃபினிட்டிவ் தடை இன்னும் சுவாரசியமானது. 1864-இல் கேன்டர்பரி தேவாலயத்தின் டீன் ஹென்றி ஆல்ஃபர்ட் இதைக் கண்டித்தபோது, ஆங்கிலம் பேசுகிறவர்களும் எழுதுகிறவர்களும் அறியாத பழக்கம் இது என்று காரணம் காட்டினார். அதாவது அவரும் மேற்கோள் காட்டியது வழக்கைத்தான். ஆனால் வழக்கைப் பற்றி அவர் சொன்னது சரியல்ல. 14-ஆம் நூற்றாண்டு எழுத்திலேயே இந்த அமைப்பு இருக்கிறது. 1926-இல் ஹென்றி ஃபௌலர் தம் புகழ்பெற்ற வழக்கு அகராதியில் இந்த விஷயத்தில் மக்களை ஐந்து வகையாகப் பிரித்தார். இதைப் பற்றி அறியாத, கவலையும் படாத பெரும்பான்மையினரே மகிழ்ச்சியானவர்கள் என்று எழுதினார். அதற்குப் பிறகும் இந்தத் தடை எத்தனையோ வகுப்பறைகளில் ஆட்சி செய்தது.

விதிப் புத்தகத்தை மட்டும் நம்புவதில் உள்ள ஆபத்தைக் காட்ட இதைவிட நல்ல சான்று ஒன்று உண்டு. இன்று 'தி ஹவுஸ் இஸ் பீயிங் பில்ட்' என்று கூசாமல் எழுதுகிறோம். 18-ஆம் நூற்றாண்டில் இதைச் சொல்ல 'தி ஹவுஸ் இஸ் பில்டிங்' என்பதே வழக்கமான வடிவம். 'இஸ் பீயிங்' தலைகாட்டியபோது, 19-ஆம் நூற்றாண்டில் அதற்குக் கடும் எதிர்ப்பு இருந்தது. அமெரிக்க விமர்சகர் ரிச்சர்ட் கிராண்ட் வைட் 1870-இல் வெளிவந்த தம் நூலில் அதைத் தாக்குவதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். இன்று அந்த வடிவத்தை எடுத்துவிட்டால் ஆங்கிலம் நொண்டும். மொழியைக் காப்பாற்றுவதாக நினைத்து அவர்கள் தடுக்க முயன்றது, மொழிக்கு உண்மையிலேயே தேவைப்பட்ட ஒரு கருவியை. இன்று யாராவது ஒரு புது வடிவத்தைப் பார்த்து ஆங்கிலம் அழிகிறது என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது.

சரி, அப்படியானால் விதிகளை மூட்டை கட்டிவிட்டு மக்கள் வழக்கே சட்டம் என்று போய்விடலாமா? இரண்டாவது வழி அதுதான். இதற்கும் நெடிய மரபு உண்டு. லௌத்தின் நூலுக்கு ஓராண்டு முன்னால், 1761-இல், ஜோசஃப் பிரீஸ்ட்லி (ஆக்சிஜன் ஆய்வுக்குப் பெயர் பெற்ற அதே பிரீஸ்ட்லி) எழுதிய இலக்கணம் வழக்கையே அளவுகோலாகக் கொண்டது. இன்று நம் கையில் இருக்கும் தரவு அவர் கனவிலும் காணாதது. 1994-இல் முடிக்கப்பட்ட பிரிட்டிஷ் நேஷனல் கார்பஸில் மட்டும் 10 கோடிச் சொற்கள். 2010-இல் வந்த கூகுள் என்கிராம் வியூவரில் ஒரு தொடரை இட்டால், நூற்றாண்டுக் கணக்கில் அது புத்தகங்களில் ஏறி இறங்கிய கோட்டை ஒரு நொடியில் பார்த்துவிடலாம்.

இந்த வழியை எதிர்ப்பவர்கள், 'எது வேண்டுமானாலும் சரி' என்கிற கட்சி இது என்று சொல்வதுண்டு. அது நியாயமில்லாத குற்றச்சாட்டு. 2002-இல் வந்த கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கணம் வழக்கை விவரிக்கும் நூல்தான். அது 1,800 பக்கங்களைத் தாண்டுகிறது. எது வேண்டுமானாலும் சரி என்றால் அத்தனை பக்கம் எதற்கு? ஆங்கிலம் பேசுகிறவர்கள் தம்மை அறியாமலே பின்பற்றும் விதிகள், பள்ளி விதிகளைவிடப் பல மடங்கு அதிகம், நுட்பமும் அதிகம்.

இந்த வழியின் உண்மையான குறை வேறு. ஒரு வடிவம் எத்தனை முறை வந்தது என்று தரவு சொல்லும். படிப்பவர் அதைப் பார்த்ததும் என்ன நினைப்பார் என்று சொல்லாது. 'குட் ஹேவ்' (could have) என்பதற்குப் பதில் 'குட் ஆஃப்' (could of) என்று எழுதுவது இணையமெங்கும் கிடக்கிறது. அதை எண்ணிக் காட்டி ஒரு வேலை விண்ணப்பத்தில் எழுதச் சொன்னால், அது எழுதுகிறவருக்குச் செய்யும் துரோகம்.

அகராதியிலும் இதே சிக்கல் வருகிறது. 1961-இல் ஃபிலிப் கோவ் பதிப்பித்த வெப்ஸ்டர் மூன்றாம் பதிப்பு, 'எய்ன்ட்' என்ற சொல்லைப் பலர் ஏற்பதில்லை என்று குறித்துவிட்டு, படித்தவர்கள் பலரும் பேச்சில் பயன்படுத்துகிறார்கள் என்றும் சேர்த்துச் சொன்னது. அதற்கே பெரிய கூச்சல் எழுந்தது. நியூயார்க் டைம்ஸ் பழைய பதிப்பையே தொடர்ந்து பயன்படுத்தப்போவதாக எழுதியது. அகராதி செய்தது பதிவு. வாசகர்கள் படித்தது அங்கீகாரம். 'இர்ரிகார்ட்லெஸ்' அகராதியில் இருக்கிறது என்று காட்டி வெற்றி கொண்டாடுகிறவர்கள், பக்கத்திலேயே உள்ள 'தரமான வழக்கன்று' என்ற குறிப்பைப் படிப்பதில்லை. ஒரு சொல் அகராதியில் இருக்கிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது, என்ன குறிப்போடு இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது வழியான வழக்குக் கையேடு இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சர்ச்சைக்குரிய ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியே எடுத்து, அதன் வரலாறு என்ன, யார் எதிர்த்தார்கள், நல்ல எழுத்தாளர்கள் என்ன செய்தார்கள், இன்று எழுதினால் என்ன விளைவு என்று சொல்வதே அதன் வேலை. என் பார்வையில் இவற்றில் முக்கியமானவை இரண்டு. 1989-இல் வந்த மெரியம்-வெப்ஸ்டரின் ஆங்கில வழக்கு அகராதி சான்றுகளின் களஞ்சியம். ஒரு விதி எங்கே பிறந்தது, அதை மீறியவர்கள் யார் யார் என்று மேற்கோள்களோடு அடுக்கிவிடும். முடிவை ஓரளவு நம்மிடமே விட்டுவிடும். பிரையன் கார்னரின் கையேடு 1998-இல் தொடங்கிப் பல பதிப்புகள் கண்டது. அதன் ஆசிரியர் பழமையின் பக்கம் சாய்ந்தவர், சளைக்காமல் தீர்ப்புச் சொல்கிறவர்.

கார்னரிடம் எனக்கு மிகவும் பிடித்தது அவருடைய ஐந்து படி அளவுகோல். முதல் படியில் உள்ள வடிவம் பரவலாக நிராகரிக்கப்பட்டது. இரண்டாவதில் பரவத் தொடங்கியிருக்கிறது, ஆனால் பெரும்பாலோர் ஒதுக்குகிறார்கள். மூன்றாவதில் படித்தவர்களிடையே சாதாரணமாகிவிட்டாலும் கவனமான எழுத்தில் தவிர்க்கப்படுகிறது. நான்காவதில் பிடிவாதக்காரர்கள் சிலரே எதிர்க்கிறார்கள். ஐந்தாவதில் முழு ஏற்பு. தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. வழு, வழுவமைதி, வழாநிலை என்று நம் இலக்கணக்காரர்கள் பிரித்து வைத்திருக்கிறார்கள். பிழை, சரி என்ற இரண்டு பெட்டிகளுக்கு நடுவே மூன்றாவது ஒன்று தேவை என்பதை அவர்கள் எப்போதோ ஏற்றுக்கொண்டார்கள். ஆங்கில இலக்கணச் சண்டைகளில் பாதி, அந்த நடுப்பெட்டி இல்லாததால் வருகிறவை.

வழக்குக் கையேட்டுக்கும் குறை உண்டு. அதைப் பயன்படுத்தப் பொறுமை வேண்டும். இரண்டு வரிப் பதில் தேடிப் போனால் இரண்டு பத்தி படிக்க வேண்டியிருக்கும். ஆசிரியரின் தனிப்பட்ட ரசனையும் உள்ளே கலந்திருக்கும். அதோடு அது பழையதாகிவிடும்: 1926-இன் ஃபௌலரை இன்று வாசிப்பது பெரிய இன்பம்தான், ஆனால் இன்றைய சந்தேகத்துக்கு அதைத் திறக்கக் கூடாது. அதன் நான்காம் பதிப்பு 2015-இல் வந்திருக்கிறது.

நடைக் கையேடுகளைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஏபி (அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம்), சிகாகோ (சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகம்), ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) போன்றவற்றின் கையேடுகள் தம் எல்லைக்குள் சட்டம். ஆய்வுக் கட்டுரையை ஏபிஏ நடையில் கேட்கிறார்கள் என்றால் வரலாறு பேசிப் பயனில்லை, அதன்படி எழுத வேண்டும். எல்லாரும் ஒரே மாதிரி எழுத வேண்டும் என்பதுதான் அவற்றின் நோக்கம். ஏபி சொல்லிவிட்டது என்பதற்காக வேறொருவரின் கதையைத் திருத்த யாருக்கும் உரிமையில்லை.

ஆனால் ஒருமைப்பாட்டுக்காக வைத்த விதி பொருளைக் குலைத்தால் விலை அதிகமாகலாம் என்பதற்கு அமெரிக்காவின் மெய்ன் மாநிலம் சாட்சி. கூடுதல் நேர ஊதியம் யாருக்குக் கிடையாது என்று சொல்லும் சட்டத்தின் பட்டியல், 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிப்யூஷன்' என்று முடிந்தது. 'ஆர்' என்பதற்கு முன் கமா இல்லை. அந்த மாநிலத்தின் சட்ட வரைவுக் கையேடே அந்தக் கமா வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தது. டிஸ்ட்ரிப்யூஷன் தனி வேலையா, அல்லது டிஸ்ட்ரிப்யூஷனுக்காகப் பேக் செய்வதா? பொருளை விநியோகிக்கும், ஆனால் பேக் செய்யாத ஓக்ஹர்ஸ்ட் டெய்ரியின் ஓட்டுநர்கள் கூடுதல் ஊதியம் கேட்டு வழக்குத் தொடுத்தார்கள். 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வாசகம் தெளிவாக இல்லை என்று அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு 50 லட்சம் டாலருக்குச் சமரசமானது. கமா எப்போதும் போட வேண்டும் என்பார் ஒருவர், போடவே கூடாது என்பார் இன்னொருவர். இந்த வாக்கியத்துக்கு வேண்டுமா என்று கேட்கிறவர் பக்கமே நான்.

திருத்தும் மென்பொருளையும் ஒரு வழியாகச் சிலர் நினைக்கிறார்கள். எழுத்துப் பிழைக்கும் விட்டுப்போன சொல்லுக்கும் அது மிக நல்ல துணை. இலக்கணத் தீர்ப்புக்கு நம்பக் கூடாது. செயப்பாட்டுவினை கண்ணில் பட்டாலே கோடு போடும் பழக்கம் அதற்கு உண்டு. அந்தப் பயமே பழைய நடைநூல்கள் தந்த சொத்து. வில்லியம் ஸ்ட்ரங்க் 1918-இல் எழுதி, இ. பி. வைட் 1959-இல் விரித்து, ஒரு கோடிக்கு மேல் விற்ற 'தி எலிமென்ட்ஸ் ஆஃப் ஸ்டைல்' என்ற சிறு நூல், செயப்பாட்டுவினையைக் குறைக்கச் சொல்லும் இடத்தில் காட்டிய நான்கு எடுத்துக்காட்டுகளில் மூன்று செயப்பாட்டுவினையே அல்ல என்று மொழியியலாளர் ஜெஃப்ரி புல்லம் எடுத்துக்காட்டினார்.

இனி உண்மையான சில சண்டைகளில் இந்த வழிகளை வைத்துப் பார்க்கலாம்.

ஒருவரைக் குறிக்க 'தே' (they) என்ற பன்மைச் சொல். பள்ளி விதி தவறு என்கிறது. வழக்கு 14-ஆம் நூற்றாண்டு வரை பின்னோக்கிப் போகிறது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதி 1375-ஐச் சேர்ந்த சான்று காட்டுகிறது. நடைக் கையேடுகளில் ஏபி 2017-இல் பாதிக் கதவைத் திறந்தது, ஏபிஏ 2019-இல் முழுதாகத் திறந்தது, சிகாகோ 2024-இல் வந்து சேர்ந்தது. பன்மைச் சொல் ஒருமைக்கு வருவது அபத்தம் என்பவர்கள், 'யூ' என்ற சொல்லைத் தினமும் ஒருவரிடம் பேசத்தான் பயன்படுத்துகிறார்கள். அதுவும் ஒரு காலத்தில் பன்மை மட்டுமே. ஒருமைக்கு இருந்த 'தௌ'வின் இடத்தை மெல்ல மெல்ல அது பிடித்துக்கொண்டது. இங்கே எனக்குத் தயக்கமே இல்லை: எழுதலாம்.

'லிட்ரலி' என்பதை உயர்வுநவிற்சிக்குப் பயன்படுத்துவது. வரலாறு இதன் பக்கம்: 18-ஆம் நூற்றாண்டிலிருந்தே சான்று உண்டு. ஆனாலும் நான் தவிர்க்கச் சொல்வேன். "அவர் லிட்ரலி ஓடினார்" என்றால் நிஜமாகவே ஓடினாரா, வெறும் அழுத்தமா என்று படிப்பவர் ஒரு கணம் நிற்கிறார். பயன் இல்லாமல் ஒரு தெளிவை இழக்கிறோம். வரலாற்றுச் சான்று ஒரு வடிவத்தைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கும், அதை எழுதியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தாது.

'ஹூம்' மெல்ல விலகிக்கொண்டிருக்கிறது. கேள்வியின் தொடக்கத்தில் 'ஹூ' போதும். அங்கே 'ஹூம்' விறைப்பாக ஒலிக்கிறது. 'டு', 'ஃபார்' போன்றவற்றின் பின்னால் எழுத்தில் 'ஹூம்' இன்னும் தேவை. இதற்கு ஒரே வரி விதி எழுத முயல்கிறவர்கள்தான் குழப்பத்தை வளர்க்கிறார்கள்.

'பிட்வீன் யூ அண்ட் ஐ' விஷயத்தில் பழைய விதி சொல்வதையே நானும் சொல்வேன். பேச்சில் ஏராளம், பழைய இலக்கியத்திலும் உண்டு. ஆனால் இன்று எழுத்தில் படித்த வாசகர் கண்ணில் உடனே உறுத்துகிறது. 'மீ' என்று எழுதினால் யாருக்கும் உறுத்தாது. ஒரு பக்கம் நஷ்டம், மறு பக்கம் நஷ்டமே இல்லை என்றால் யோசிக்க என்ன இருக்கிறது?

இரட்டை எதிர்மறை மட்டும் சற்று நிதானமாகப் பேச வேண்டியது. இரண்டு எதிர்மறை சேர்ந்தால் உடன்பாடாகிவிடும் என்று லௌத் எழுதினார். கணக்கில் அப்படி இருக்கலாம். 'ஐ டோன்ட் நோ நத்திங்' என்று ஒருவர் சொல்லும்போது, அவருக்கு எல்லாம் தெரியும் என்று எவரும் புரிந்துகொள்வதில்லை. 14-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர் காலத்தில் எதிர்மறையை அடுக்குவது இயல்பான ஆங்கிலம். பல வட்டார வழக்குகளில் இன்றும் முறைப்படி இயங்கும் இலக்கணம் அது. அலுவல் எழுத்தில் தவிர்க்க வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் அப்படிப் பேசுகிற குழந்தையிடம் "உனக்குச் சிந்திக்கத் தெரியவில்லை" என்ற தொனியில் திருத்துவது கொடுமை. தரமான எழுத்துக்கு வேறு வடிவம் வேண்டும் என்று சொன்னால் போதும், அதுதான் உண்மையும்கூட.

ஆகவே, யாருக்கு எது? தேர்வு எழுதுகிறவர் தேர்வாளர் எதிர்பார்க்கும் பாடநூல் விதியை எழுதட்டும். தேர்வு அறை வாதாடும் இடமில்லை. நிறுவனத்துக்கு எழுதுகிறவருக்கு அந்த நிறுவனத்தின் நடைக் கையேடு. கதை எழுதுகிறவர், மொழியை ஆராய்கிறவர் சொல்தரவில் எவ்வளவு வேண்டுமானாலும் மூழ்கலாம். மற்ற எல்லாருக்கும், முக்கியமாகப் பிறர் எழுத்தைத் திருத்துகிறவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும், ஒரு நல்ல வழக்குக் கையேட்டின் அண்மைப் பதிப்பு. திருத்துகிறவர் பேனாவுக்கு அதிகாரம் இருக்கிறது. அந்த அதிகாரத்துக்கு ஆதாரம் வேண்டும்.

மேலதிகாரி ஒரு போலி விதியில் பிடிவாதமாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். பெரும்பாலும் சண்டை தேவையில்லை, வாக்கியத்தைச் சர்ச்சைக்கு வெளியே நகர்த்திவிடலாம். பிரிட்டனின் டெஸ்கோ கடைகளில், குறைந்த பொருள் வாங்குவோருக்கான வரிசையில் 'லெஸ்'ஸா 'ஃப்யூவர்'ஆ என்ற தகராறு தொடர்ந்தபோது, 2008-இல் பலகையை 'அப் டு 10 ஐட்டம்ஸ்' என்று மாற்றினார்கள். இரு தரப்புக்கும் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு மாணவரின் சரியான வாக்கியம் தவறென்று சிவப்புக் கோடு வாங்கியிருந்தால் அங்கே நகர்த்தும் வேலை கூடாது. கையேட்டைத் திறந்து, பக்கத்தைக் காட்டி, அந்த மதிப்பெண்ணைத் திரும்ப வாங்கிக் கொடுக்க வேண்டும்.